ஆறிலொரு ஒப்பரேற்றர்

பூவரசடிச் சந்தி உபதபாற் கந்தோரில், ரெலிபோன் பலகைக்கு முன்னால் ஒரேயொரு ஒப்பரேற்றர் இருந்தார். இன்னொருவர் வேண்டும் என்பது ஊரின் அபிப்பிராயம். முன்மதிப்பீடு செய்யாமல் ஊருக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்பது மேலிடத்தின் அபிப்பிராயம். எண்பத்து நாலாம் ஆண்டு இந்த இரண்டு அபிப்பிராயங்களுக்கும் நடுவில் அகப்பட்டவர் வெங்காயத் தரகர் சீவரத்தினம்.

சீவரத்தினத்தை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்டது. மிச்சத்தைச் சுன்னாகம் சந்தை படிப்பித்தது. எதிராளி வாய் திறக்கமுன் அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று அவருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: அன்றைக்குக் கொழும்பில் வெங்காயம் என்ன விலை. லொறி காலை எட்டு மணிக்கு வெளிக்கிட வேண்டும். பிந்தினால் வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் இருட்டிவிடும். எட்டுக்கு முன் விலை தெரிந்தால் ஏற்றலாம், அல்லது பிடித்து வைக்கலாம். ஆனால் வரிசையில் நின்று அவருடைய முறை வரப் பதினொன்றாகும். இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பி, இரண்டு தடவையும் சரக்கு விழுந்த விலையில் போய் இறங்கியது.

"மூண்டாந்தரமும் உப்பிடி நடந்தால் நாங்கள் வேறை தரகரைப் பாக்கிறம் அண்ணை," என்று இணுவில் தோட்டக்காரர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகச் சொன்னதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஏசியிருந்தால் பேரம் பேசியிருக்கலாம்.

ஆகவே மேலிடத்துக்கு மனு எழுதினார். நாலு ஒப்பரேற்றர் கேட்டார். நாலு கேட்டால் இரண்டில் வந்து நிற்கும் என்பது அவருடைய கணக்கு. மேலிடம் ஒரு படிவம் அனுப்பியது. 'எதிர்வரும் ஆண்டில் மேற்கொள்ளப்படவிருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையைத் தருக. ஊரடங்கு நாட்களையும் கம்பி அறுபடும் நாட்களையும் முன்கூட்டியே கழித்துக் காட்டுக.'

"உதை என்னட்டைக் கேக்கினம். ஊரடங்கு போடுறவையளை எல்லோ கேக்கவேணும்," என்று சீவரத்தினம் படிவத்தைப் பலகைக்காரி மார்கிரட்டுக்கு முன்னால் போட்டார். மார்கிரட் குருநகரிலிருந்து பஸ்சில் வந்துபோகிறவர். மூன்று வருடமாகத் தனியே பலகையில் இருந்ததால், கோபக்காரரை இடையில் மறிப்பது வீண் என்று பழகியவர்.

"ஏதாவது ஒண்டு போட்டு விடுங்கோ அண்ணை. பிழையெண்டு நிரூபிக்க அடுத்த வருசம் வரவேணுமே."

அவர் ஒரு இலட்சம் என்று போட்டார். அதைப் பார்த்து நேரில் வந்தார் முன்மதிப்பீட்டு உத்தியோகத்தர் திருவாளர் கிறிஸ்துநாயகம். சிங்கப்பூரில் மூன்று மாதம் எதிர்காலம் படித்துவிட்டு வந்தவர். கழுத்தில் விளையாட்டு வாத்தியார் மாதிரி ஒரு நிறுத்தற் கடிகாரம். கையில் கட்டம் போட்ட தாள். அந்த நாளில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் ஒரு சுவரில் வரைபடம் தொங்கும். வரைபடம் இல்லாத கந்தோரை மேலிடம் கந்தோராகவே மதிப்பதில்லை.

அவர் முதல்நாள் முழுவதும் மார்கிரட்டின் பக்கத்தில் இருந்து எண்ணினார். ஐம்பத்தெட்டு அழைப்பு. மாலையில் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்:

"மிஸ், இந்தப் பொன்னம்பலம் ஆர்?"

மார்கிரட் சீவரத்தினத்தைப் பார்த்தார். சீவரத்தினம் கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஆளின் பெயர் சொல்லி எடுக்கிற கோல் என்று ஒன்று இருந்தது. கேட்ட ஆள் மறுமுனையில் இல்லாவிட்டால் காசு இல்லை. இந்தச் சட்டத்தை இயற்றியவர் பூவரசடிச் சந்தியை ஒருமுறையாவது வந்து பார்த்திருக்க வேண்டும். சீவரத்தினம் மார்கிரட்டின் வாயால் கொழும்புக் கடையில் பொன்னம்பலத்தைக் கேட்பார். பொன்னம்பலம் என்று அங்கே பூனைகூட இல்லை. "பொன்னம்பலம் இல்லை, பதினாலாம் திகதி வருவார்" என்று பதில் வந்தால் கிலோ பதினாலு ரூபா. "தடிமன், படுத்திருக்கிறார்" என்றால் சந்தை மந்தம். "ஆஸ்பத்திரியிலை" என்றால் அனுப்பாதே. இணுவில் இரத்தினம்மா கொழும்பில் வேலை பார்க்கிற மகனைப் பெயர் சொல்லிக் கேட்பார். அவன் அன்றைக்கு வேலைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால், தன் வாயாலேயே "அவர் இல்லை" என்பான். இல்லையென்று கேட்டால்தான் அந்த மனுசிக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். ஊர் முழுக்க இப்படித்தான் நடந்தது. கதைக்காமலே எல்லாம் கதைத்து முடிந்தது.

"ஐம்பத்தெட்டிலை நாற்பத்தொன்பது பேர் இல்லை," என்றார் கிறிஸ்துநாயகம். "பழைய பதிவுகளையும் பாத்தன். உந்தப் பொன்னம்பலத்தை மூன்று வருசமா நாள் தவறாமல் தேடியிருக்கினம். ஒருநாளும் அகப்படேல்லை. பொலிசிலை சொன்னவையோ?"

"அவர் நல்ல மனுசன் ஐயா. அலைச்சல் கூட," என்றார் சீவரத்தினம்.

"கதைச்சு முடிச்சால்தான் அது அழைப்பு. முடிச்சது ஒன்பது. ஒரு ஒப்பரேற்றர் ஒரு நாளைக்கு ஐம்பத்து நாலு முடிக்கவேணும். ஆகவே இங்கை தேவைப்படுறது," தாளில் வகுத்துப் பார்த்தார், "ஒரு ஒப்பரேற்றரிலை ஆறிலொரு பங்கு."

"எந்தப் பங்கு சேர்?" என்று மார்கிரட் கேட்டார். "தலையோ, கையோ? கையெண்டால் பஸ்சிலை அனுப்பிவிடலாம்."

கிறிஸ்துநாயகம் அதையும் குறித்துக்கொண்டார். தவறு நேராதிருக்கும் பொருட்டுக் கணிப்பு சனிக்கிழமை வரை நீடிக்கும் என்றும், அதன்பின் ஆறில் ஐந்து பங்கு திருப்பி எடுக்கப்படக்கூடும் என்றும் அறிவித்தார்.

அன்று பின்னேரம் சீவரத்தினம் வீடு வீடாகப் போனார். "நாளையிலையிருந்து ஆள் இல்லையெண்ட கதை இல்லை. இருக்கவேணும். வாய் திறந்து கதைக்கவேணும். கதைக்காட்டில் பலகையிலை இருக்கிற பிள்ளையையும் மேலிடம் கொண்டு போயிடும்."

மூன்று வருடம் கதைக்காமல் கதைத்த ஊருக்கு, கதைத்துக் கதைப்பது மறந்துபோயிருந்தது. இரத்தினம்மாவுக்கு மகன் வாயால் "ஓம் அம்மா, நான்தான்" என்று கேட்டதும் பயம் பிடித்துவிட்டது. "ஏன் மோனை இருக்கிறாய், என்ன நடந்தது?" என்று அழத் தொடங்கிவிட்டார். அவனுக்கு ஒன்றும் இல்லையென்று விளங்கப்படுத்தவே ஒரு கோலுக்குரிய மூன்று நிமிடமும் முடிந்தது. சீவரத்தினத்துக்கும் அதே கதிதான்.

"ஆர் கதைக்கிறது?" என்றார் கொழும்புக் கடைக்காரர்.

"நான்தான், சீவரத்தினம்."

"கதை விடாதை காணும். சீவரத்தினத்தாற்றை குரல் எனக்குத் தெரியாதே? அது பொம்பிளைக் குரல் எல்லோ."

பழக்கதோசத்தில் சீவரத்தினம் "பொன்னம்பலத்தார் சுகமோ?" என்று கேட்டுவிட்டு, தன் தலையிலேயே ஒரு குட்டுப் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் எண்ணிக்கை ஏறியது. ஒன்பது, பன்னிரண்டு, பதினாறு, இருபத்தொன்று, இருபத்தேழு. சனிக்கிழமை முப்பத்து நாலு. கிறிஸ்துநாயகம் ஆறு புள்ளிகளைப் போட்டு அடிமட்டத்தை வைத்தார். சிங்கப்பூரில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, கோடு போகிற வழியில் எதிர்காலமும் போகும் என்று. கோடு தாளைத் தாண்டியது. இன்னொரு தாள் ஒட்டினார். மேசையைத் தாண்டியது. மார்கிரட் எழுந்து கதிரையை நகர்த்தி வழிவிட்டார்.

கோட்டின் நுனியில் நின்று அவர் சொன்னார்: "தொண்ணூறாம் ஆண்டு இந்தச் சந்திக்கு இருநூற்றுப் பன்னிரண்டு ஒப்பரேற்றர் தேவைப்படும்."

அறை எட்டடிக்குப் பத்தடி. மார்கிரட் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் நிண்டுகொண்டுதானோ சேர்?"

சந்தையில் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் சீவரத்தினம் அசரமாட்டார். "அது கொஞ்சம் கூட ஐயா. முடிவான எண்ணைச் சொல்லுங்கோ."

கிறிஸ்துநாயகம் அடிமட்டத்தை உறையில் போட்டார். அக்கம்பக்கம் பார்த்தார். "ஒண்டு. அதுக்கு மேலை இல்லை."

"இருநூற்றுப் பன்னிரண்டிலையிருந்து ஒண்டோ? மாட்டுத் தரகன்கூட உப்பிடி இறங்கமாட்டான்."

"மேலிடம் ஒண்டு தாறதெண்டு மூன்று மாசத்துக்கு முந்தியே முடிவெடுத்திட்டுது. அதுக்குக் காரணம் தேடத்தான் என்னை அனுப்பினது."

"அப்ப இந்த ஒரு கிழமை ஊரையே தொண்டை வறளக் கதைக்க வைச்சியளே?"

"காரணமில்லாமல் குடுத்தால் அது தானம்," என்றார் கிறிஸ்துநாயகம் அமைதியாக. "காரணத்தோடை குடுத்தால் அது நிருவாகம்."

சீவரத்தினத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒன்று கிடைக்கிறதே என்று அதை விழுங்கினார். பேரத்தில் வென்றவன் கத்தக் கூடாது.

அடுத்த மாதம் முதலாந் திகதி உடுவிலைச் சேர்ந்த கமலாவதி என்ற புதிய ஒப்பரேற்றர் வந்து சேர்ந்தார். அன்று காலை லொறி வெங்காயம் ஏற்றிக் கந்தோருக்கு எதிரே தயாராக நின்றது. தோட்டக்காரர் நாலுபேர் லொறியடியில் நின்றார்கள். சீவரத்தினம் ஆறே முக்காலுக்கே சால்வையும் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார். பலகைக்கு முன்னால் இரண்டு கதிரை. இரண்டு கதிரையிலும் இரண்டு பேர். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். வெளியே வரிசையில் இருபத்திரண்டு பேர்.

"என்ன பிள்ளை, ரெண்டு பேரும் சும்மா இருக்கிறியள்?"

"லைன் பிஸி அண்ணை," என்றார் மார்கிரட்.

"ஒண்டு பிஸி. மற்றது?"

"மற்றது எங்கை இருக்கு? கொழும்புக்கு இங்கையிருந்து போறது ஒரு கம்பிதானே."

சீவரத்தினம் பலகையைப் பார்த்தார். பலகைக்குப் பின்னாலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற கம்பியைப் பார்த்தார். எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லை.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் ஆளைத்தானே கேட்டனீங்கள் அண்ணை," என்றார் மார்கிரட். "கம்பியைப் பற்றி நீங்களும் கேக்கேல்லை, சேரும் கேக்கேல்லை, படிவத்திலையும் இல்லை."

"அந்த ஒரு கம்பியிலை இப்ப ஆர் கதைக்கிறது?"

மார்கிரட் கண்ணால் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டினார். உள்ளே கிறிஸ்துநாயகம். பூவரசடிச் சந்தியில் தாமதம் முற்றாக ஒழிக்கப்பட்டமை பற்றிய அறிக்கையை மேலிடத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பதினொரு பக்கம். ஏழரை மணிக்கு மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

சீவரத்தினம் பெட்டிக் கதவைத் தட்டினார். "ஐயா, எப்ப முடியும்?"

கிறிஸ்துநாயகம் ரிசீவரைக் கையால் பொத்தினார். "பொதுமக்களின்ரை மனநிறைவுச் சான்று கைக்கு வந்தால் மிச்சப் பக்கம் வாசிக்கத் தேவையில்லை. உந்தா மேசையிலை இருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போடவேணும்."

'இச்சந்தியில் அழைப்புக்காகக் காத்திருக்கும் நிலை இனி எவருக்கும் இல்லையென இத்தால் உறுதிப்படுத்துகின்றோம்.' சீவரத்தினம் வாசித்தார். லொறிப் பக்கம் பார்த்தார். முதற் கையெழுத்தை அவரே போட்டார். தாளைத் தூக்கிக்கொண்டு வரிசை நீளத்துக்கும் ஓடினார். "போடுங்கோ, போடுங்கோ. போட்டால்தான் லைன்." கையெழுத்துக்கள் விழுந்தன. கடைசிக்கு முந்திய ஆளில் ஓட்டம் நின்றது. அவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் செல்வரட்ணம்.

"தலைப்பிலை 'மனநிறைவு சான்று' எண்டு கிடக்கு," என்றார் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தபடி. "நடுவிலை ஒரு 'ச்' வேணும். அது இல்லாமல் நான் மனநிறைவு அடையேலாது."

"வாத்தியார், லொறி நிக்குது."

"லொறி நிக்கட்டும். பிழை நிக்கக் கூடாது."

அரசாங்கத் தாளில் கைபடத் திருத்த விதியில்லை. கமலாவதி முதல்நாள் முதல் வேலையாகச் சான்றைப் புதிதாகத் தட்டச்சுச் செய்தார், அந்த 'ச்' எழுத்தோடு. எல்லாரும் திரும்பவும் கையெழுத்துப் போட்டார்கள். இடையில் எட்டு மணி அடித்தது. லொறி ஹோர்ன் அடித்துப் பார்த்தது. இன்னொருதரம் அடித்துவிட்டு வெளிக்கிட்டுவிட்டது.

எட்டு இருபதுக்கு லைன் கிடைத்தது. தாளோடு ஓடித் திரிந்தவருக்கு வரிசை முதல் முறையை விட்டுக்கொடுத்தது. மார்கிரட் கேட்டுவிட்டுப் பதிலை மெல்லச் சொன்னார்: "பொன்னம்பலம் ஆஸ்பத்திரியிலை அண்ணை. இந்தக் கிழமை ஆரும் பாக்க வரவேண்டாமாம்."

சீவரத்தினம் வாசலுக்கு வந்தார். தோட்டக்காரர் நாலுபேரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். சைக்கிள்களை மரியாதையாகத் திருப்பினார்கள்.

சான்று அன்றைய தபாலிலேயே மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்து, வரைபடத்தோடு சுவரில் ஏறியது. இருபத்துமூன்று பேர் கையொப்பமிட்டு உறுதிப்படுத்தியபடி, அன்று காலை பூவரசடிச் சந்தியில் காத்திருந்தவர் எவருமில்லை.