நாலு விரற்கடை உயரம்

இனி எதற்கும் குனிவதில்லை என்று லுத்தாயா ஒரு திங்கட்கிழமை தீர்மானம் செய்தான். முதல் வேலையாக, தன் பைக்கிடம் குனிவதை நிறுத்த வேண்டும்.

மசாகா சாலையில் ஆளேற்றி ஓட்டும் பைக் அது. பத்து வருடமாக அதன் ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்து, எதையோ தொலைத்துவிட்டுத் தரையில் தேடுகிறவன் மாதிரியே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பின்னால் இரண்டு பேர், முன்னால் ஒரு வாழைத்தார். மாலையில் இறங்கினால் உடம்பு நிமிரக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை எதிரே வரும் ஆட்டுக்குட்டிக்கும் வணக்கம் சொல்கிற கோலம்தான். அந்த முதுகைக் காரணம் காட்டி அவன் அடுப்புப் பக்கம் போயே வருடக்கணக்காகியிருந்தது.

ஞாயிறு மட்டும் சவாரி கிடையாது. அன்று பைக் அவனுக்கே சொந்தம். ஏழு மைல் தள்ளி, சந்தை முனை மாமரத்தடியில், பலகைக் குழிகளில் விதை போட்டு ஆடும் ஓம்வெசோ ஆட்டம் நடக்கும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்பான். வாரம் பூராவும் ஊரைச் சுமப்பவனுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது.

அந்த ஞாயிற்றின் மேல்தான் மனைவிக்குக் கண். இரட்டைப் பிள்ளை பெற்றதால் ஊர் அவளை நலோங்கோ என்றது, அவனைச் சலோங்கோ என்றது. அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் இருவரும் விடுதிப் பள்ளியில் இருந்தார்கள். அவளுடைய அம்மா இரண்டு மலை தள்ளித் தனியாக இருந்தாள். முழங்கால் போனதிலிருந்து மாதா கோயிலுக்குப் போக வழியில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மணியோசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை கூட்டிப் போய் விடக்கூடாதா என்று நலோங்கோ வாராவாரம் கேட்பாள்.

லுத்தாயா முகத்தைப் பெரிய மனிதன் மாதிரி வைத்துக்கொள்வான்.

"நான் மாட்டேன்னா சொல்றேன்? மாமியாரும் மருமகனும் ஒருத்தரை ஒருத்தர் தொடக்கூடாது, எதிர்ல நிக்கவே கூடாது. மீறினா கை நடுக்கம் வரும். நடுங்கற கையை வச்சுக்கிட்டு நான் எப்படி வண்டி ஓட்டறது?"

வேறு ஆள் வண்டியில் அனுப்பலாமே என்றால், அது தனக்கு மானக்கேடு என்பான். சரி, நானே ஓட்டுகிறேன் என்று ஒரு தடவை அவள் ஏறியும் பார்த்தாள். கை எட்டவில்லை. பெட்ரோல் டேங்கின் மேல் குப்புறப் படுத்தபடி முப்பது அடி போய், பக்கத்து வீட்டார் காயப்போட்டிருந்த காப்பிக்கொட்டையில் இறங்கினாள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. ஒரு பக்கம் சம்பிரதாயம், ஒரு பக்கம் அவள் கையின் நீளம். அவனுடைய ஞாயிறுக்கு இரண்டு காவல்காரர்கள்.

அதனால், ஹேண்டில்பாரை நாலு விரற்கடை உயர்த்தப் போகிறேன் என்று அறிவித்தபோது அவன் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தான். பைக்குக்கு ஒரு புதுக் கண்ணாடி வாங்கினாலே மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். இந்தத் தடவை ஒரு நொடி யோசித்தாள்.

"நல்ல யோசனை. நானும் வரேன்."

நிம்மதியில் லுத்தாயாவுக்குச் சந்தேகப்பட மறந்துவிட்டது.

மெக்கானிக் நியான்சி ஹேண்டில்பாருக்கு அடியில் இரண்டு இரும்புக் கட்டைகளை வைத்து உயர்த்தினான். பழைய கேபிளுக்கு நீளம் பற்றவில்லை. இடப்பக்கம் திருப்பினால் எஞ்சின் தானே உறுமியது. நீளமான கேபிள் போட்டதும் அடங்கியது. இனி பாரை எவ்வளவு பின்னால் சாய்ப்பது என்பதுதான் பாக்கி. கைக்கு அளவு பார்க்க ஏறி உட்காரச் சொன்னான் நியான்சி. நலோங்கோ குறுக்கே வந்தாள்.

"அவர் ஏறிட்டா, ரோட்லேர்ந்து பார்க்க வண்டி எப்படி இருக்குன்னு யார் சொல்றது? நான் சும்மா உட்கார்றேன். நீங்க தள்ளி நின்னு பாருங்க சலோங்கோ."

அது அவனுக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் போய், தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, வீடு வாங்க வந்தவன் மாதிரி பார்த்தான். ஹேண்டில்பார் இன்னும் கொஞ்சம் பின்னால் வரட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வரட்டும், வரட்டும். ராஜா நாற்காலி மாதிரி இருக்கணும்."

நியான்சி போல்ட்டை முறுக்கினான்.

அந்த வாரம் லுத்தாயாவின் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான். பத்து வருடமாகப் போய்வரும் சாலைக்கு இருபுறமும் மலை இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. முதுகுவலி இருந்த இடம் தெரியவில்லை. பின்னால் ஏறியவர்கள், ஊர்த்தலைவர் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். தினமும் மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் குழந்தை மாதிரி தூங்கினான். எழுந்து தொட்டால் நிழலில் நின்ற வண்டியின் எஞ்சின் சுட்டது. இந்த வருடம் வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை அவனை எழுப்பியதே பைக் சத்தம்தான். போகிற சத்தம் இல்லை, வருகிற சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். ராஜா நாற்காலியில் நலோங்கோ. தோள்பட்டை கூராக நிற்கும் அவளுடைய நல்ல அங்கி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அதன் கீழே அவனுடைய ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி, முக்காட்டால் முகத்தை மறைத்தபடி மாமியார்.

இடுப்பில் துண்டோடு கதவு வரை பாய்ந்தவன் அங்கேயே நின்றான்.

"வெளிய வந்துடாதீங்க," என்றாள் நலோங்கோ. "கோயிலுக்குப் போற வழி, அம்மா இருக்காங்க. கை நடுங்கிடப் போகுது."

"உனக்குத்தான் கை எட்டாதே," என்றான் கதவுக்குப் பின்னாலிருந்து.

"நீங்கதானே வரட்டும், வரட்டும்னீங்க."

ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டான். நியான்சிதான் என்றாள். அவன் தூங்கும் நேரமாகப் பார்த்து ஐந்து நாள்.

மாமியார் முருங்கை மரத்தைப் பார்த்து ஏதோ சொன்னாள். மகள் அதைக் கதவைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். மருமகன் பார்த்துச் செய்திருக்கிறார், உட்கார்ந்தால் முழங்கால் வலியே தெரியவில்லை, கோயிலில் முதல் ஜெபம் அவருக்குத்தான் என்கிறாள்.

லுத்தாயா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். மாமியாரின் ஜெபத்தோடு யார் சண்டை போடுவது? சொல்லப்போனால், கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது.

வண்டி நகர்ந்தது. பிறகு நின்றது.

"வாழைக்காய் அடுப்புல வேகுது சலோங்கோ," என்றாள் திரும்பாமலே. "தீ அணையற மாதிரி இருந்துச்சு. முதுகுதான் இப்ப சரியாயிடுச்சே, குனிஞ்சு ஊதிவிடுங்க."