இரு கோப்புறைகள் ஒன்றையொன்று விழுங்கிய போர்

மேனாம்பேட்டு அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், தோசைக்கல்லாய்ச் சுட்ட மடிக்கணினியை மடியிலேந்தி வீற்றிருந்த பூட்டரசி, விசைப்பலகை வித்தகி, பத்தொன்பது வயதுக் கவிப்பிரியா வாழ்க! கல்லூரித் தோழன் முகமது ஆசிக்கோடு சேர்ந்து படைத்த குட்டி இயங்குதளத்தின் நெஞ்சகத்தே, கோப்புறைதோறும் பூட்டமைத்து, ஒருவர் கைவைத்திருக்கையில் அக்கோப்புறையில் மற்றவர் கைவைக்கலாகாதெனக் காவல் விதித்தவள் அவளே. "என் பூட்ட எவனாலயும் ஒடைக்க முடியாது" என நேற்று வகுப்பறை அதிர முழங்கியவளும் அவளே. இன்று நான்கு மணிக்கு ஜெபா மேடம் காணொளியில் தோன்றிச் சோதிப்பாரே என்று, ஆடிக்காற்றில் அகப்பட்ட பிளாஸ்டிக் பைபோல் நடுங்கியவளும் அவளேதான்.

அந்நேரம் பார்த்து மூண்டது பெரும்பூசல். கவிப்பிரியாவின் கோப்புறைக்குள் 'ரிப்போர்ட்' என்றொரு குட்டிக் கோப்புறை. ஆசிக்கின் கோப்புறைக்குள் 'படம்' என்றொரு குட்டிக் கோப்புறை. எது எதனுள் அடங்குவது?

"வெறும் ரிப்போர்ட்ட யாரு பாப்பாங்க? அதத் தூக்கி படத்துக்குள்ள போடு" என்றான், எதிர்நாற்காலியில் இன்னொரு கணினிவழி அதே சேமிப்பு வட்டைப் பற்றியிருந்த ஆசிக்.

"மூஞ்சப் பாரு. ரிப்போர்ட்டுக்குள்ளதான் படம்."

வாய்ப்போர் வீணெனக் கண்ட இருவரும், ஒருவரறியாமல் ஒருவர் ஆணை தட்டி, ஒரே கணத்தில் என்டர் விசையை அறைந்தனர். அவள் ஆணை ஆசிக்கின் கோப்புறையையும் ரிப்போர்ட்டையும் பூட்டிற்று; அவன் ஆணை கவிப்பிரியாவின் கோப்புறையையும் படத்தையும் பூட்டிற்று. நான்கு பூட்டும் நான்கு திக்கில், ஒன்றையொன்று உரசவேயில்லை. ஆகவே தடுப்பாரின்றிப் படம் ரிப்போர்ட்டுக்குள் புக, அதே ரிப்போர்ட் அதே படத்துக்குள் புக, ஒன்றன் வயிற்றில் மற்றொன்றாய்ச் சுருண்ட இருபெரும் பாம்புகளென, வட்டில் கிடந்தும் சென்றடைய வழியற்று மறைந்தன இரண்டும்!

"கவி, இன்னாது, ரெண்டையும் காணோம்?"

"நீ இன்னா நவுத்துன?"

"உன் ரிப்போர்ட்ட... என் படத்துக்குள்ள."

"ஐயோ! நான் உன் படத்த ரிப்போர்ட்டுக்குள்ள நவுத்திகினு இருந்தேன்டா!"

குப்பென வியர்த்தாள் கோமகள். கோப்புறை ஒன்று வீடுவிட்டு வீடு பெயர்கையில், வட்டு முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டிட்டு, ஒரு நேரத்தில் ஒரு பெயர்ச்சியே நிகழவேண்டும் என்னும் விதியை, "வேகம் கொறையும், வேணாம்" என்று ஒதுக்கித் தள்ளியவள் அவளல்லவா! மணியோ மூன்றரை. நகம் கடித்த விரல்கள் பதினாறடி தாவும் வேங்கையெனப் பாய்ந்தன, பெரும்பூட்டு பிறந்தது, காலையில் எடுத்த நகலிலிருந்து வட்டு உயிர்த்தெழுந்தது.

"மறுபடி அமுக்குவோம். ஒன்னு, ரெண்டு, மூணு!"

மின்னலினும் மெல்லிய இடைவெளியில் முந்தியது ஆசிக்கின் ஆணை. பெரும்பூட்டைக் கைப்பற்றி, ரிப்போர்ட்டைப் படத்துக்குள் குடியேற்றி, பூட்டை விடுத்தது. அதுவரை கோட்டைவாயிலில் கைகட்டி நின்ற கவிப்பிரியாவின் ஆணை உள்ளே நுழைய, இயங்குதளத்தின் நெஞ்சகமாம் கெர்னல் அறைந்து சொல்லிற்று: தன் வயிற்றிலிருப்பதன் வயிற்றுக்குள் எக்கோப்புறையும் புகலாகாது!

"தோத்துட்டியே கவி!"

"போடா, பூட்டு வேல செய்து!" என்று, தன் தோல்வியே தன் வெற்றியாகக் கட்டிலின்மேல் ஏறிக் குதித்தாள் பூட்டரசி.

நாலு மணிக்கு வந்த ஜெபா மேடம் எந்தக் கோப்புறையையும் திறக்காமலே மார்க் போட்டுவிட்டுப் போனார்.