நற்சாட்சி சொல்ல வந்தவள்

தந்தை என்ற பதவிக்குத் தேர்வு வைத்தால் முதல் இடம் எங்கள் தெரு லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான். சந்தேகமிருந்தால் பார்லர்காரியைக் கேளுங்கள். அவருடன் குடித்தனம் நடத்துகிறவள். வயிற்றில் ஏழு மாதம்.

சம்பளம் வந்த அன்றே கரைந்துவிடும். "மூத்தவ பொண்ணுக்குப் பாதி, ரெண்டாமவ பையனுக்கு மீதி. பெத்துட்டேனேம்மா" என்று அவர் கண்கலங்குவார். அவளுக்கும் கலங்கும். சுவரோரமாகக் கேட்க நேர்ந்த நமக்கே கலங்கியது. வாடகை, மளிகை, அவர் வண்டிக்குப் பெட்ரோல், எல்லாம் பார்லர் வருமானத்தில். அவர் கழுத்துச் சங்கிலி மட்டும் எப்படியோ பருமனாகிக்கொண்டே வந்தது.

அப்பேர்ப்பட்ட வள்ளலை அந்தப் பிள்ளைகளைப் பெற்ற இரண்டு பெண்களும் பிள்ளைச் செலவு கேட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்கு இழுத்திருந்தார்கள்.

"நன்றி கெட்டதுங்க!" பார்லருக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, "நற்சாட்சி" சொல்ல அவள் கிளம்பினாள்.

வழக்குகள் எப்போதும் வேறு வேறு அறையில் நடக்கும். அன்று ஒரு நீதிபதி விடுப்பு. இரண்டும் ஒரே மேஜைக்கு வந்தன.

"உங்க பொண்ணை ஸ்கூல்ல ஃபீஸ் கட்டலைன்னு வெளியே நிக்க வைக்கிறாங்களாமே?" என்றார் நீதிபதி அம்மா.

"சம்பளம் பூரா ரெண்டாமவ பையனுக்கே போயிடுதுங்கம்மா."

அடுத்த வழக்கு.

"இந்தப் பையனுக்கு?"

வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய், முதலாளியைக் கேட்காமலே திறந்துகொண்டது. "சம்பளம் பூரா மூத்தவ பொண்ணுக்கே போயிடுதுங்கம்மா."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பெஞ்சில் மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாத்தையும் நீ சுருட்டிக்கறேன்னு உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

"நானும்தான்க்கா. நல்லா வாய் நிறைய."

"அப்போ பணம் எங்கேய்யா போகுது?" என்றார் நீதிபதி.

வள்ளல் அசரவில்லை. கம்பீரமாகப் பார்லர்காரியைக் கைகாட்டினார். "இதோ, இவளுக்குத்தாங்கம்மா. மாசமா இருக்கா. வாடகை, மளிகை எல்லாமே நான்தான். வேணும்னா அவளையே கேளுங்க."

நற்சாட்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஓரவஞ்சனையே தெரியாத மனுஷருங்கம்மா. மூத்ததுக்கு என்ன குடுத்தாரோ அதையேதான் இளையதுக்கும் குடுத்தாரு. பொறக்கப்போறதுக்கும் அதையேதான் குடுக்கறாரு. சல்லிக்காசு கூடக் குறைய இல்லை."

பிறகு பெஞ்சருகே போய் நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."