பெட்டியைத் திரும்ப எடுத்துப் போ, மச்சான்

அன்பு மச்சானுக்கு, உன் அக்காளைக் கட்டிக்கொண்டும் சிரிப்பை விடாத அத்தான் எழுதுவது. இங்கே என் வலது தோளைத் தவிர எல்லோரும் நலம். உன் நலத்தையும் உன் தொப்பையின் வளர்ச்சியையும் அறிய ஆவல்.

தோள் இறுகி, கை தலைக்கு மேல் போகாத பெயிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்து, கையை வீசி விளையாடினால் சரியாகும் என நீ அந்த வீடியோ கேம் பெட்டியை அனுப்பினாயே, நல்ல மனசு. மேஸ்திரி வேறு, "திங்கக்கிழமை கை மேல போனா உனக்கு ஏணி. போகலைன்னா கீழ உக்காந்து இரும்பு கேட்டுக்குக் கறுப்பு அடி" என்று சொல்லிவிட்டார். முப்பது வருடம் ஏணியில் நின்றவன் நான்! ஆனால் பெட்டிக்குள் எச்சரிக்கைப் புத்தகம் ஒன்று இருந்ததே, அதைப் பார்த்தாயா? எட்டாவது வரை படித்த திமிரில் உன் அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் சுவிட்ச தொடாதீங்க" என்றாள். முதல் பக்கத்திலேயே, ஆடுகிறவரைச் சுற்றி இடம் விட வேண்டுமாம். அலமாரியை நகர்த்தினோம். பின்னால் சுவர் பாதி பச்சை, பாதி நீலம். மிச்சப் பெயிண்டில் நான் அடித்தது. "ஊரான் சுவரெல்லாம் பளபளன்னு இருக்கு, பெயிண்டர் வீட்டு லட்சணத்தப் பாருங்க!" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வந்த கோபத்தில் பிரஷ்ஷை எடுத்து, அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் அடித்தேன். தோள் கத்தியதா நான் கத்தினேனா, தெரியாது. சரி, ஆடலாம் என்றால், ஈரமான இடத்தில் பெட்டியை வைக்கக் கூடாதாம். காயட்டும் என்று உட்கார்ந்தால் பெயிண்ட் வாசனையில் தலை சுற்றியது. தலை சுற்றினால் ஆடக் கூடாதாம். படுத்து எழுந்தால் களைப்பு. களைத்தவனும் ஆடக் கூடாதாம். "மணிக்கொரு தரம் கால் மணி நேரம் ஓய்வு எடுக்கணுமாம்" என்றாள். "நான் இன்னும் ஆடவே இல்லையேடி!" என்றேன். "ஓய்வையாவது ஒழுங்கா எடுங்க" என்கிறாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. பெட்டி இன்னும் கரண்டைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே நீ வந்து பெட்டியையும், புத்தகத்தையும், முடிந்தால் உன் அக்காளையும் கூட்டிப் போ. கேட்டுக்குக் கறுப்பு அடிக்கப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு?

நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் எந்தப் புத்தகமும் படிக்காமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தோள் போன அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் உன் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டு, "மேலிருந்துன்னு எழுதியிருக்கீங்களே, மேல எந்தக் கையால அடிச்சீங்க?" என்றாள். போய்ப் பார்த்தேன். கூரையோரக் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கிறது, மச்சான். என் இடது கைக்கு அது வராது. வலது கையைத் தூக்கினேன். விரல் பல்பில் தட்டியது. பெட்டி இங்கேயே இருக்கட்டும். புத்தகத்தில் இன்னும் ஒன்பது பக்கம் பாக்கியாம்; சமையலறையில் நாலு சுவர் இருக்கிறது என்கிறாள்.