ஷஃபியுல்லா பாயின் தார்மீக ஆதரவு

செங்கல்பட்டின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் கொளவாய் ஏரியில் ஆரம்பித்து ரயில்வே ஜங்ஷனில் முடித்துவிடுகிறார்கள். இது வருந்தத்தக்க பிழை. இந்த ஊர் உலகத்துக்கு அளித்த மாபெரும் கொடை, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் ஹாலில், சோபாவின் இடது கோடியில், வலது காலை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் ஷஃபியுல்லா. சென்னை கிரிக்கெட் அணி வென்ற ஆட்டங்களை எல்லாம் வென்று கொடுத்தவர் அவர்தான். மைதானத்தில் ஓடியவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. பாய்க்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

பகலில் அவர் குழாயும் வாஷ்பேசினும் விற்கும் கடைக்காரர். ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் அவரிடம்தான் வருவார்கள். அணி ஒழுக ஆரம்பித்தால் அவர் யாரிடம் போவார்? கடையை அடைத்துவிட்டு சோபாவுக்குப் போவார். ஒருமுறை, எல்லாம் முடிந்தது என்று டிவிக்காரர்களே கைவிட்ட ஆட்டத்தில், பாய் எதேச்சையாக வலது காலை மடித்துப் போட்டார். அடுத்த பந்து சிக்ஸர். அதற்கடுத்ததும் சிக்ஸர். அன்றிலிருந்து அந்தக் கால் அவருடையது அல்ல, அணியினுடையது.

இத்தகைய சக்தி ஒரு தனிமனிதரிடம் குவிந்து கிடப்பது நல்லதல்ல என்று கருதி, ‘செங்கல்பட்டு மஞ்சள் படை தார்மீக ஆதரவுப் பேரவை’ நிறுவப்பட்டது. தலைவர் ஷஃபியுல்லா. செயலாளர் உலகநாதன், சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்துச் சரக்கு ஓட்டுகிறவர். பொருளாளர் ஏசுபாதம், ரயில்வேயில் டிக்கெட் கொடுப்பவர். பேரவைக்குப் பொருள் கிடையாது என்பதால் அவர் மிகத் திறமையாகப் பணியாற்றினார்.

மத நல்லிணக்கத்துக்கு மேடை போடுகிறவர்கள் இந்த ஹாலுக்கு ஒரு தடவை வந்திருக்க வேண்டும். பிரார்த்தனை இலாகாக்களை மூவரும் சுமுகமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டாஸ் பாயின் பொறுப்பு. பேட்டிங் ஏசுபாதத்துக்கு. பந்துவீச்சை உலகநாதன் தன் குலதெய்வத்திடம் ஒப்படைத்திருந்தார். ஃபீல்டிங்கைக் கவனிக்க நாலாவது மதத்தார் யாரும் கிடைக்கவில்லை. கேட்சுகள் கோட்டை விடப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

பாய் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் போனார்.

“ஹஜ்ரத், ஞாயித்துக்கெழம ஆட்டம் ரொம்ப முக்கியம். நீங்க ஒரு துஆ கேக்கணும்.”

“கேக்கலாம் பாய். அந்தப் பக்கம் பந்து போடற புள்ளையோட அம்மாவும் கேட்டுகினுதானே இருப்பா? அல்லா யாரு பேச்ச கேக்கறது?”

“அவங்க பெங்களூர்க்காரங்க, ஹஜ்ரத்.”

ஹஜ்ரத் எழுந்து உள்ளே போய்விட்டார். விளையாட்டு ஞானம் இல்லாதவர் என்று பாய் பெருந்தன்மையோடு அவரை மன்னித்தார்.

வீட்டிலும் அவரவர் பணி வரையறுக்கப்பட்டிருந்தது. மனைவி ரோஷன் பீவி சமையலறை வாசலில், கதவைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவள் அங்கே நின்றபோது ஒருமுறை எதிரணியில் மூன்று பேர் வரிசையாக அவுட்டானார்கள். அந்த வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ள அவள் அனுமதி கேட்டாள். உட்கார்ந்தால் பலன் இருக்குமா என்பது நிரூபணமாகவில்லை என்று பேரவை அந்தக் கோரிக்கையை நிலுவையில் வைத்தது. மகள் நஜ்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருத்துவக் காரணங்களை முன்னிட்டு அவளுக்கு மட்டும் உள் அறையில் படுத்திருக்க விதிவிலக்கு அளிக்கப்பட்டது.

சிக்கல் மருமகனால் வந்தது. ஜுனைத் சதுரங்கப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவன். கர்ப்பிணி மனைவிக்காக ஒருநாள் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்தான். வாசலில் அவன் இடது செருப்பைக் கழற்றியதும் ஒரு விக்கெட் விழுந்தது. வலது செருப்பைக் கழற்றியதும் இன்னொன்று. அவனுக்கு மூன்றாவது கால் இல்லாததால்தான் அணி அன்று நூறைத் தாண்டியது.

பேரவை அவசரமாகக் கூடியது. மேற்படி ஜுனைத், ஆட்ட நாட்களில் திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் வரலாகாது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

“மாமா, நான் நஜ்மாவப் பாக்கத்தான வந்தேன்?”

“பாரு மாப்ளை. யாரு வேணாம்னா? மேட்ச் இல்லாத நாள்ல நல்லா பாரு.”

“மேட்ச் இல்லாத நாள்ல எனக்கு வேலகீது மாமா.”

“அப்ப போன்ல பாரு. போன்ல பாத்தா ஒண்ணும் ஆவல, அன்னிக்கே கவனிச்சேன்.”

உள்ளிருந்து நஜ்மாவின் குரல் வந்தது. “அத்தா! இவரு செருப்பக் கழட்டினா அவன் எதுக்கு அவுட்டாவறான்?”

“அதாம்மா எனக்கும் புரியல” என்றார் பாய், உண்மையான வருத்தத்தோடு. “ஆனா ஆவறானே!”

ஜுனைத் நல்ல பிள்ளை. மீனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அதன்பின் ஆட்ட நாட்களில் சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி, ஸ்கோர்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தான். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. வேறென்ன சான்று வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோற்றால் அணி வெளியே. பிற்பகல் ஆட்டம். வழக்கப்படி எல்லோருடைய செல்போனும் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடப்பட்டது. பாய் காலை மடித்தார். உலகநாதன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஏசுபாதம் கண்ணை மூடினார். அவர் பேட்டிங் இலாகா என்பதால் அணியின் பேட்டிங்கை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அணி பேட்டிங் செய்ய இறங்கிச் சில ஓவர்கள் ஆனபோது சமையலறை வாசலிலிருந்து ரோஷன் பீவி மெதுவாகச் சொன்னாள். “இன்னாங்க, நஜ்மாவுக்கு வலி எடுத்துகினு கீது.”

பாய் திரும்பவில்லை. திரும்பினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். “டாக்டரம்மா அடுத்த வாரம்னுதான சொன்னாங்க?”

“கொழந்த காலண்டர் பாத்தா வரும்?”

“மொத வலி அப்பிடித்தான் இருக்கும் ரோஷன். ஒரே ஒரு ஓவர். அந்த எடத்த வுட்டு மட்டும் நகராத.”

அப்போது உள் அறையிலிருந்து “அத்தா!” என்று நஜ்மா கூப்பிட்டாள். குழந்தையாக இருந்தபோது இருட்டில் பயந்து கூப்பிட்ட அதே குரல். பாயையும் அறியாமல் மடித்த கால் பிரிந்து தரையைத் தொட்டது. எழுந்தே விட்டார்.

டிவியில் ஸ்டம்ப் பறந்தது.

“அண்ணாத்த! இன்னா காரியம் பண்ண!” என்று அலறினார் உலகநாதன்.

ஷஃபியுல்லா பாய் டிவியைப் பார்த்தார். உள் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து காலை மடித்துக்கொண்டார். ஒரு பக்கம் ஒரே மகள், மறுபக்கம் பல கோடி மக்கள். பொதுவாழ்வில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வேதனை புரியும்.

ரோஷன் பீவி அதற்குமேல் விண்ணப்பிக்கவில்லை. மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்து சமையலறைக் கதவில் மாட்டினாள். புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு முனியம்மாவைக் கூப்பிட்டாள். முனியம்மா உலகநாதனின் மனைவி. கணவரின் குட்டி யானை வாசலிலேயே நின்றது. ஆனால் சாவி கணவரின் மடியில் இருந்தது. கணவர் ஆட்டத்தில் இருந்தார். ஆகவே ஆட்டோ பிடித்து நஜ்மாவை ஏற்றினார்கள். முனியம்மாவின் போனிலிருந்து ஜுனைத்துக்குச் சொன்னார்கள்.

கடைசி ஓவர். பாயின் கடைக்கண்ணில் சமையலறை வாசலில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ரோஷன் நிற்கிறாள், நல்லவள். அவர் கத்தினார். பந்து போடுமுன் கத்தினார், போட்டபின் கத்தினார், விளம்பரம் ஓடும்போதும் விடாமல் கத்தினார். கடைசிப் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியபோது அவர் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியது.

“ரோஷன்! ஜெயிச்சிட்டோம்!”

துப்பட்டி பதில் சொல்லவில்லை.

அரிசி டிரம்மைத் திறந்தார்கள். அரிசிக்குள் போன்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. இப்போது பேரவையினரை யாராலும் குறை சொல்ல முடியாது. சட்டையை நேராகப் போடக்கூட நிற்காமல் வண்டியை எடுத்தார் உலகநாதன். வெற்றிக்காக முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த ஜாங்கிரிப் பெட்டி பாயின் கையோடு வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அதைப் பார்த்ததும் யாரோ ஒரு அம்மாள் முகம் மலர்ந்து கேட்டாள். “நல்லதாப் போச்சு பாய். இன்னா பொறந்துகீது?”

“நாலு விக்கெட்டு” என்றார் பாய், மிச்சமிருந்த கம்மிய குரலில்.

அந்த அம்மாள் எடுத்த ஜாங்கிரியைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

ரோஷன் பீவி குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தாள். பெண். நஜ்மா நலம். “உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துகினு கீறோம்” என்றாள். அவர்கள் குடும்பத்தில், பிறந்த பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கை முதலில் சொல்வது தாயின் தகப்பன். நஜ்மாவின் காதில் அவளுடைய தாத்தா சொன்னார். இது பாயின் முறை. பல மாதங்களாக அவர் ஆசைப்பட்ட காரியம். கடையில் யாரும் இல்லாதபோது மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

கை கால் முகம் கழுவி ஒளூ செய்துவிட்டு வந்து குழந்தையை வாங்கினார். அதன் வலது காதருகே குனிந்தார். வாயைத் திறந்தார்.

காற்றுதான் வந்தது.

தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முயன்றார். மேல்தொட்டியில் தண்ணீர் இல்லாத வீட்டில் குழாயைத் திறந்தால் வருமே, அந்தச் சத்தம். ஏசுபாதம் ஓடிப்போய் வென்னீர் வாங்கி வந்தார். குடித்தார். மறுபடியும் அதே சத்தம். குழந்தை கொட்டாவி விட்டது.

தாழ்வாரத்தின் கடைசியில், தூணோரம், ஜுனைத் நின்றுகொண்டிருந்தான். எஞ்சின் எண்ணெய் நகத்தில் அப்படியே இருந்தது. பாய் கையை நீட்டி அவனைக் கூப்பிட்டார். அவன் அசையவில்லை.

“கிட்ட வரலாமா மாமா?” என்று கேட்டான். “மேட்ச் முடிஞ்சிடுச்சா?”

அவன் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். பாயின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவரே நடந்து போய் குழந்தையை அவன் கையில் கொடுத்தார். ராசியில்லாதவன் என்று பேரவையால் ஏகமனதாக அறிவிக்கப்பட்டவன், அந்தச் சின்னக் காதில் நிறுத்தி நிதானமாகப் பாங்கு சொன்னான். பாய் பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்தார்.

சற்றுக் கழித்து உலகநாதன் ரோஷன் பீவியிடம் தணிந்த குரலில் கேட்டார். “அண்ணி, நீங்க எப்ப வூட்ட வுட்டு கெளம்புனீங்க?”

“பதினஞ்சு ஓவருக்கு முந்தி. கதவுல என் துப்பட்டிதான் நின்னுகினு இருந்துச்சு.”

பேரவை திகைத்தது. அதன் சித்தாந்த அடித்தளமே ஆட்டம் கண்ட நேரம் அது. ஆனால் ஏசுபாதம் சுதாரித்துக்கொண்டார்.

“அண்ணி, அந்தத் துப்பட்டியத் தோய்க்காம வைங்க.”

குழந்தைக்கு அலீனா என்று பெயர் வைத்தார்கள். தாயும் பிள்ளையும் வீடு வந்தபின், தலைவருக்குப் பாராட்டு விழா எடுக்கப் பேரவை முடிவு செய்தது. பேத்தி பிறக்கும் நேரத்தில்கூட இருக்கையை விட்டு எழாத ஒரு மனிதரை இந்த நாடு வேறெங்கே கண்டிருக்கிறது? மஞ்சள் சால்வை வந்தது. ‘தியாகச் சுடர்’ என்ற பட்டமும் வந்தது. ஹாலில் எல்லோரும் கூடியிருக்க, உலகநாதன் உரையாற்றினார்.

“அணிக்காக அண்ணாத்த இன்னா தியாகம்லாம் பண்ணிகீறாரு! தன்னோடதுன்னு ஒண்ணு வச்சிக்கலியே, எல்லாத்தையும் குடுத்துட்டாரே!”

“எத?” என்று கேட்டாள் ரோஷன் பீவி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் உட்கார்ந்திருந்தாள்.

“எதக் குடுத்தாருன்னு கேக்கறேன். நின்னது என் காலு. வலிச்சது என் பொண்ணுக்கு. ஊருக்கு வெளிய கெடந்தது மாப்ளை. அவருதுன்னு இருந்தது ஒரே ஒரு கொரலு. அந்தப் பதினோரு பேருல ஒருத்தன் காதுலயாச்சும் அது வுழுந்துச்சா? இந்தக் கொழந்த காதுக்கு வேணும்னு வந்தப்ப இல்ல.”

உலகநாதன் விரித்த சால்வையோடு நின்றார். வாழ்த்துரையின் மீதிப் பகுதி அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அப்ப... இத யாருக்கு அண்ணி போத்தறது?”

“டிவிக்குப் போத்துங்க.”

தலைவருக்கு அதற்குள் குரல் முழுசாகத் திரும்பியிருந்தது. ஆட்சேபணை இருந்தால் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.