ஜிலாக்ஸுக்கு வால் முளைத்த வாரம்

"எக்ஸ்ல முடியுற பேருக்கு வெறும் எஸ்ஸா? ஈ.எஸ். போடணும்யா, ஈ.எஸ்.! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

டியூஷன் வாத்தியார் நடுத்தெருவில் நின்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் இரண்டும் திறந்துகொண்டன.

"கத்தாதீங்க வாத்தியாரே. இது சர்வீஸ் கடை. உங்க பரீட்சை ஹால் இல்ல!" என்று மெக்கானிக் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

"தப்பா எழுதி நடுத்தெருவுல மாட்டினா கத்தத்தான் செய்வேன். ஒரு ஜிலாக்ஸ், ரெண்டு ஜிலாக்ஸஸ். என்கிட்ட படிக்கிற வாண்டுகூடச் சொல்லும்!"

திங்கட்கிழமை சாயங்காலம் அது. போர்டில் பெயிண்ட் காய்வதற்குள் சண்டை பழுத்துவிட்டது.

மெக்கானிக் பத்தொன்பது வருடமாக வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்கிறவர். மெஷின் செய்யும் ஜிலாக்ஸ் கம்பெனி ஊருக்கு ஒரே ஒரு கடையைத் தன் சொந்த சர்வீஸ் கடையாக வைத்துக்கொள்ளப் போகிறது. வெள்ளிக்கிழமை கம்பெனி ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். மூன்று தெரு தள்ளி இருக்கும் போட்டிக் கடைக்காரனும் மனுப் போட்டிருந்தான். அவனுக்குக் கிடைத்துவிட்டால் மெக்கானிக் ஷட்டரை இறக்கிவிட்டு அவனிடமே கைகட்டி வேலைக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் இந்தப் புது போர்டு. 'எல்லா ஜிலாக்ஸும் இங்கே ரிப்பேர் செய்யப்படும்' என்பதை இங்கிலீஷில் எழுத ஆசைப்பட்டார். ஆசை யாரை விட்டது?

"சரி, ஈ.எஸ்.ஸே போட்டுத் தொலைக்கிறேன்" என்று பல்லைக் கடித்தபடி உள்ளே திரும்பினார். "ஏம்மா, சீட்டு எழுது. எக்ஸுக்குப் பின்னாடி ஈ.எஸ்."

கல்லாவுக்குப் பின்னால் இருந்த அவர் தங்கச்சி தலையை மட்டும் ஆட்டினாள்.

சீட்டு எதற்கு என்றால், பெயிண்டர் அப்படிப்பட்ட ஆள். எப்போதோ ஒரு பல் டாக்டர் வாயால் சொல்லிவிட்டு, எழுதி முடித்ததும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று கைவிரித்தாராம். அதிலிருந்து காகிதத்தில் எழுதித் தந்தால்தான் பிரஷ்ஷைத் தொடுவார். சீட்டில் உள்ளதுதான் வேதம். ஒரு புள்ளி கூடாது, குறையாது. மெக்கானிக்கின் கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும், போதாததற்கு விரலெல்லாம் கிரீஸ். ஆகவே சீட்டு எழுதுவது தங்கச்சியின் வேலை. யார் வீட்டு மெஷின், என்ன கோளாறு என்று அட்டையில் பதிவதும் அவள்தான். நாற்பது வயது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள்.

செவ்வாய்க்கிழமை ஈ.எஸ். வந்தது. கூடவே எக்ஸின் தலைக்குப் பக்கத்தில் ஒரு மேற்கமாவும் வந்து கொக்கி மாதிரி தொங்கியது.

"இந்தக் கொக்கியை எந்த மடையன் மாட்டினது?" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

மெக்கானிக்குக் கண் சிவந்தது. மேற்கமா மேற்கமா என்று நேற்றிலிருந்து முணுமுணுத்தவர் வேறு யார்? மெக்கானிக் சம்சாரத்தின் அண்ணன், கோர்ட்டில் முப்பது வருடம் டைப்படித்து ஓய்வு பெற்று, இப்போது தங்கை வீட்டில் வந்து தங்கியிருக்கும் மச்சான்தான்.

"மச்சான், சீட்டுல கை வச்சீங்களா?"

"நான் ஏன் மாப்ள கை வைக்கிறேன்? கம்பெனி பேரைச் சிதைக்காம, கமா போட்டு எஸ்ஸைத் தள்ளி வைன்னேன். எத்தனை மனு அடிச்சிருக்கேன்! இந்த 'ஈ' எனக்கு வேண்டாத 'ஈ'. அது வாத்தியார் வீட்டு 'ஈ'!"

"மேற்கமா வச்சா ஜிலாக்ஸுக்குச் சொந்தமானதுன்னு அர்த்தம்யா, டைப்பு!"

"யாரைப் பார்த்துடா டைப்புங்கிற?"

வாத்தியார் மச்சானின் சட்டையைப் பிடித்தார். மச்சான் வாத்தியாரின் கண்ணாடியைப் பிடுங்கினார். இருவரையும் விலக்கப் போன மெக்கானிக்கின் மேல்தான் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது. பெயிண்டர் ஏணிக்கு அடியில் உட்கார்ந்து, தங்கச்சி கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்படிய்யா எழுதினே?" என்று நீலக் காதுடன் மெக்கானிக் அவர்மேல் பாய்ந்தார்.

"சீட்டுல இருந்ததுங்க."

"சீட்டு எங்கே?"

ஏணியில் ஒட்டியிருந்த சீட்டு, பெயிண்ட் கை பட்டுப் பட்டுக் கந்தலாகி, ஓர் எழுத்தும் தெரியாமல் கிடந்தது.

"நீ சரியாத்தானே எழுதினே?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தாண்ணே எழுதினேன்."

அவள் அட்டையில் பத்தொன்பது வருடமாக ஒரு நம்பர் பிசகியதில்லை. அவளைச் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகிவிடும். அப்படியானால் தெருவில் போகிற வருகிற யாரோ ஏணிப் பக்கம் கைவரிசை காட்டுகிறார்கள். வாத்தியார்தான் என்று மச்சானும், மச்சான்தான் என்று வாத்தியாரும் சத்தியம் செய்தார்கள்.

புதன்கிழமை மெக்கானிக் கம்பெனிக்கே போன் போட்டார். எடுத்த பெண், "எங்க பேருக்குப் பின்னாடி எஸ்ஸு, ஈ.எஸ்.ஸு, கமா எதுவுமே வரக்கூடாது சார். ஜிலாக்ஸ்னு நிறுத்திட்டு, பக்கத்துல மெஷின்ஸ்னு போடணும். கம்பெனி ரூல்" என்றாள்.

"பாத்தீங்களா? ரெண்டு பேருமே முட்டாளுங்க!" என்று மெக்கானிக் தெருவுக்கே அறிவித்தார். அத்தோடு வாத்தியார் அவரோடு பேச்சை நிறுத்தினார். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினார். அண்ணன் போன கோபத்தில் சம்சாரம் அடுப்பு மூட்டவில்லை.

வெறும் வயிற்றோடு சாயங்காலம் போர்டைப் பார்த்தார். ஜிலாக்ஸஸ் மெஷின் என்று இருந்தது. வாலை மெஷினுக்கு ஒட்டச் சொன்னால் மறுபடி ஜிலாக்ஸுக்கே ஒட்டியிருந்தது.

கையிலிருந்த ஸ்பேனரை வீசினார். அது யாரோ ரிப்பேருக்கு விட்டிருந்த மெஷினின் கண்ணாடிக் கதவில் போய் விழுந்தது.

"அழி! எல்லாத்தையும் அழி! நாளைக்கு நான் இங்கேயே நிக்கிறேன்."

வியாழக்கிழமை நின்றார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லித் தங்கச்சியை எழுதவும் வைத்தார். ஆனால் கண்ணாடிக் கதவின் சொந்தக்காரி வந்து பிடித்துக்கொண்டாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, புதுக் கதவு தேடிக் கடை கடையாக அலைந்து திரும்பியபோது கடை பூட்டியிருந்தது, ஏணியும் போயிருந்தது. அலைந்த அலுப்பில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்ப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நிமிர்ந்து பார்த்தார்.

'எல்லா மெஷினும் இங்கே ரிப்பேர் செய்யப்படும்' என்று முத்து முத்தான இங்கிலீஷ் எழுத்து. வால் இல்லை, கொக்கி இல்லை. ஜிலாக்ஸே இல்லை!

பிரஷ்களை எடுத்துப்போக வந்த பெயிண்டரின் சட்டைக் காலர் மெக்கானிக்கின் கையில் இருந்தது.

"எவன்கிட்டய்யா கைக்கூலி வாங்கினே? அந்த மூணாந்தெருக்காரன்கிட்டயா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி!"

"சீட்டுல..."

"சீட்டைச் சொன்னே, பல்லு கொட்டிரும்! இனிமே உன் நிழல் இந்தத் தெருவுல விழுந்தா காலை உடைச்சு ஏணியாக்கிருவேன். போய்யா!"

பெயிண்டர் பிரஷ்களை அள்ளிக்கொண்டு போனார். தங்கச்சி அட்டையில் என்னத்தையோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனா முனை உடைந்தது.

அரைமணி நேரத்தில் ஆபீசர் வேனில் வந்து இறங்கினார். முதலில் போர்டை அண்ணாந்து பார்த்தார். மெக்கானிக் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"சார், அந்த போர்டு வந்து... பெயிண்டர் ஒரு கிறுக்கன் சார்..."

"ரொம்ப நல்ல ஆள்னு சொல்லுங்க" என்றார் ஆபீசர். "எங்க பேரை நீங்களா எழுதவே கூடாது சார். நாங்க அச்சடிச்சுத் தர்ற போர்டுதான் மாட்டணும். மூணாந்தெரு கடையில எங்க பேரைப் பெரிசா எழுதி வச்சிருந்தான். மனுவைக் கிழிச்சிட்டேன்."

"போன்ல கேட்டேனே சார்! அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையே!"

"நீங்க எழுதலாமான்னு கேட்டீங்களா? எப்படி எழுதணும்னுதானே கேட்டிருப்பீங்க?"

வேனிலிருந்து பளபளவென்று ஒரு போர்டு இறங்கியது. மெக்கானிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பெயிண்டர் போன திசையைப் பார்த்தார். ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அந்த வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

பத்து நாள் கழித்துப் பெயிண்டரே வந்தார். ஏணி இல்லை. சலவைச் சட்டையும், கூடவே அவருடைய அக்காவும். அக்கா உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள்: "என் தம்பிக்கு உங்க தங்கச்சியைக் கேட்டு வந்திருக்கோம்."

மெக்கானிக் எகிறிக் குதிக்கத்தான் எழுந்தார். காலை உடைப்பதாகச் சொன்ன வாய் அது. "சும்மா உக்காருங்க. அந்த மனுஷனாலதான் இன்னிக்கு உலை கொதிக்குது" என்று சம்சாரம் ஓர் அதட்டல் போட்டாள். தங்கச்சியைக் கேட்டார்கள். வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். இந்தமுறை கொஞ்சம் வேகமாக.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் முடிந்தது. வாத்தியாரும் மச்சானும் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சீட்டைத் திருத்தியது எதிராளிதான் என்று இருவரும் இன்றுவரை சொல்கிறார்கள். மறுவாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்து ஊருக்குக் குடிபோனார்கள்.

சாமான் வண்டி கிளம்பும் நேரம். மெக்கானிக்குப் பொறுக்கவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டிருந்த தங்கச்சியைத் தடுத்து, "கேக்குறேன்னு நினைக்காதே. ஒரு போர்டு எழுதுறது ஒரு நாள் வேலை. அந்த ஆளோட நீ எப்பம்மா பேசிப் பழகினே?" என்று கேட்டார்.

"ஒரு நாள் பத்தாதுன்னுதாண்ணே, நாலு சீட்டையும் தப்பா எழுதிக் கொடுத்தேன்" என்றாள் தங்கச்சி.