எங்கள் வகுப்பின் வருத்தக்காரர்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் வருத்தக்கார அண்ணையைப் போல ஒரு நோயாளி அதற்கு முன்பு இருந்ததில்லை. இனி இருக்கப் போவதுமில்லை. இத்தனைக்கும் அவருக்கு ஒரு தடிமன், தும்மல் வந்துகூட நான் கண்டதில்லை.

நான் அப்போது பயிற்சி டொக்டர். நோயாளியின் மனக்கவலையை எப்படிக் கேட்டறிவது என்று எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டுமே? துறைமுகக் கிடங்கில் வேலை செய்த, ஊரில் கூத்தில் ராசா வேஷம் கட்டிய இந்த அண்ணை நோயாளியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் வருத்தக்காரராக, நடிக்க வந்தார்.

முதல் நாள் கொடுத்த வேஷம் இலேசான மனச்சோர்வு. அண்ணை நெஞ்சில் அடித்து அழுது, கதிரையோடு சரிந்து விழுந்தார். எதிரே டொக்டராக இருந்த டெனிஷ் பெடியன் பதறிப்போய் அவசர மணியை அழுத்த, மேல்மாடியிலிருந்து ஒரு படையே ஓடி வந்தது. ஆசிரியை கொஞ்சம் குறைத்து நடிக்கச் சொன்னார்.

"குறைச்சால் பின்வரிசைக்கு விளங்காது" என்றார் அண்ணை.

இன்னொரு டொக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். அண்ணை கதிரையைத் திருப்பிப் போட்டு, முழுக் கவலையையும் கொம்பியூட்டருக்கே சொல்லி, அதற்கு நன்றியும் சொல்லிவிட்டு எழும்பினார்.

வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த நாட்களில் என் பரீட்சை வந்தது. அண்ணைதான் நோயாளி. நித்திரை வராத மனுசன் வேஷம். டெனிஷில் நித்திரையைக் கேட்டேன், சாப்பாட்டைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பரவாயில்லை என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சட்டைப் பையிலிருந்த போனை விட்டுக் கையை எடுக்கவுமில்லை. பரீட்சை விதியை மறந்து தமிழுக்கு மாறினேன்.

"அண்ணை, அங்கை ஆர் இருக்கினம்?"

"தங்கச்சி. கதைச்சு ஒரு மாசமாச்சு, பிள்ளை."

என் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். நேரம் முடியும்வரை அவர் பக்கத்தில் இருந்தேன்.

தமிழில் கதைத்ததற்காக என்னைத் திரும்பப் பரீட்சை எடுக்கச் சொன்னார்கள். அண்ணைக்கும் ஒரு குறை சொன்னார்கள். இன்றைக்கு அவருடைய நடிப்பில் உயிரில்லையாம்.

"ஓம், இண்டைக்குச் சரியா வரேல்லை" என்று ஒத்துக்கொண்டார்.

சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"பிள்ளை, தங்கச்சி வவுனியா முகாமிலை இருக்கிறாள். இப்பத்தான் கதைச்சவள்."

"கடவுளே. அழுங்கோ அண்ணை."

"எப்பிடி அழுறது? பஸ்ஸிலை நிக்கிறன். சனம் பாக்குது."

அந்த மனுசன் மீது எனக்கு எவ்வளவு பாசம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அடுத்த தரிப்பிலை இறங்கி நில்லுங்கோ. நான் வாறன்" என்றேன்.